பதினெட்டுத் தவணைச் சூரியன்

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு நிலத்தடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. காலை ஆறரைக்கு உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்பதை, அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்குச் சூரியன் என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம்.

அவர் பெரிய சலவை மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். நான் மடிக்கிற மேஜையில் இருப்பவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மதியம் பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். அவர் தன் டப்பாவை ஒரு கையிலும், துணியில் சுற்றிய பழைய தொலைநோக்கியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு ஏழு மாடி ஏறி மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அதன் வழியாக நேரே பார்க்கக் கூடாது, கண் போய்விடும். சூரியனின் உருவத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்வார். சூரியனில் புள்ளிகள் உண்டு, அவை நாளுக்கு நாள் நகரும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக, லீவு நாளிலும் விடாமல், வரைந்து வைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைச் சொன்னால் சிரிப்பார்.

அந்தப் பழைய தொலைநோக்கி ரொக்கம் கொடுத்து வாங்கியது. அண்ணனும் அண்ணியும் எதையுமே கடனுக்கு வாங்கியதில்லை. கட்டில், மிக்ஸி, மகள் கல்யாணத்து நகை எல்லாமே காசு சேர்ந்த பிறகு கைக்கு வந்தவை. இந்த விஷயத்தில் அண்ணி இன்னும் கறார். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்ததும் தனக்காக ஊசியை எடுப்பார். தலையணை உறை, மேஜை விரிப்பு, ஏன், அடுப்படிக் கைப்பிடித் துணியில்கூடப் பூ இருக்கும். கையால் போடும் பூ அவருக்கு அலுத்துவிடவில்லை, ஆனாலும் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வேண்டும் என்று ஆறு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி போன ஒரு பழைய குக்கருக்குள், ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாக, பரண்மேல் அந்தப் பணம் இருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். பூட்டு கிடையாது.

அண்ணனுக்கும் ஒரு ஆசை இருந்தது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த தொலைநோக்கி ஒன்று உண்டு. அதில் நேரே கண் வைத்துப் பார்க்கலாம். புள்ளி மட்டுமல்ல, சூரியனின் விளிம்பில் எழுந்து விழும் நெருப்புக் கொழுந்தும் தெரியும். விலை அவருடைய ஆறு மாதச் சம்பளம். வங்கியில் இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குச் சேர்த்துவிட்டார். மீதிக்கு இன்னும் நாலைந்து வருடம் ஆகும்.

பிரச்சினை அங்கேதான் வந்தது. புள்ளிகள் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை பெருகி உச்சத்துக்குப் போகும், பிறகு வற்றிவிடும். உச்சம் அந்த வருடமும் அடுத்த வருடமும்தான். காசு சேர்ந்து வாங்கும்போது சூரியன் வெறும் தட்டு மாதிரி இருக்கும். அடுத்த உச்சத்தில் அவருக்கு வயது அறுபது. கண்புரை வந்துவிட்டால்? முழங்கால் ஏழு மாடி ஏறவிடாவிட்டால்? ஒரு மாதம் முழுக்க இதையே என்னிடம் பேசினார்.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். ரொக்கம் என்றால் பத்தில் ஒரு பங்கு குறைப்பேன், ஆனால் உங்களிடம் இருப்பதை ஏன் கரைக்கிறீர்கள், கையிருப்பு கையிலேயே இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவும், பதினெட்டுத் தவணை, வட்டி கிடையாது என்றார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மாதாமாதம் போகும். முதல் ஆறு தவணைக்குக் கையிருப்பு இருக்கிறது, அதற்குள் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு பழைய தொலைநோக்கி கிடைத்தது, முழுக்க ரொக்கம், என்று அண்ணியிடம் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இருபத்திரண்டு நாள் அவர் கால் தரையில் பாவவில்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கி வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கண் வைத்துப் பார்த்தேன். சிவப்பாக ஒரு உருண்டை, அதன் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கொழுந்து. அதற்குள் நம்ம பூமி பத்துப் பன்னிரண்டைப் போடலாம் என்றார். நான் மறுபடியும் கண் வைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் மகளுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் ஒரே வாரத்தில் வங்கியிலிருந்த கையிருப்பு துடைத்துப் போனது. கடைக்காரர் சொன்ன ஆத்திர அவசரம் அவ்வளவு சீக்கிரம் வந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று அண்ணி கேட்டதற்கு, தொழிலாளர் நிதியில் முன்பணம் வாங்கினேன் என்று இரண்டாவது பொய்யைச் சொன்னார்.

அதன் பிறகு தவணை முழுக்கச் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். எங்கள் சூப்பர்வைசர், மதிய இடைவேளையில் மெஷினை நிறுத்தாமல் ஓட்டுகிறவருக்கு ஒன்றரைக் கூலி தருவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரட்டைக் கூலி. அண்ணன் இரண்டுக்கும் பேர் கொடுத்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை மெஷின் பக்கத்தில் நின்றபடியே முடித்தார். மேலே போகவில்லை. சூரியன் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது, இவர் நிலத்தடியில் விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கி பெட்டிக்குள் கிடந்தது. வெயில் அடிக்குதா என்று வண்டி தள்ளுகிறவரைக் கேட்பதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்.

நான்காவது தவணை இரண்டு நாள் தாமதமானது. சம்பளம் அந்த மாதம் தள்ளி வந்ததுதான் காரணம். கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தவணை தவறினாலும் வட்டி இல்லாத சலுகை போய்விடும், முதல் நாளிலிருந்து வட்டி சேரும் என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளிலேயே எழுதியிருந்ததாம். எந்தப் பக்கத்தில் என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மடிக்கிற மேஜையில் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்ததும், இன்னொரு தடவை படி என்றார்.

என்னிடம் கேட்டார், கொடுத்தேன். இஸ்திரிப் பிரிவில் இரண்டு பேரிடம் வாங்கினார். அதற்குமேல் கேட்க ஆளில்லை. தினமும் காலையில் மெஷினை ஓடவிட்டுவிட்டு, சுவரைப் பார்த்து நிற்பார். போன் அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். பரண்மேல் இருந்த குக்கரில் அவர் எப்போது கை வைத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருடக் கடைசியில், எம்பிராய்டரி மெஷின் விலை அடுத்த மாதம் ஏறப்போகிறது என்று அண்ணியின் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குக்கரில் பதினான்கு கட்டு ஆகிவிட்டது, அதுவே விலைக்குச் சரியாக இருக்கும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போயிருந்தார். எனக்கு அன்று ஓய்வு. என் தம்பியின் சின்ன வேன் எங்கள் வீட்டு வாசலில் நின்றதால் அண்ணி என்னைக் கூப்பிட்டார். அவர் வீடு திரும்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவர்கிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி, என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வேனைத் திருப்பியிருப்பேன்.

கடையில் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டிக் காட்டினார்கள். அண்ணி ஒரு சின்னத் துணியில் இலை ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பில் போட்டாயிற்று. கல்லாவில் இருந்த பெண் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, நோட்டு எண்ணும் மெஷினில் வைத்துக்கொண்டு வந்தாள். பத்தாவது கட்டில் மெஷின் நின்றுவிட்டது. அவள் கட்டை விரித்தாள். மேலே ஒரு நோட்டு, கீழே ஒரு நோட்டு, நடுவில் நோட்டு அளவுக்கு வெட்டிய தாள்கள். ஒரு தாள் மேஜைமேல் திரும்பி விழுந்தது. 'கட்டில் விரிப்பு 120, தலையணை உறை 85' என்று எழுதியிருந்தது. எங்கள் சலவைக் கணக்குச் சீட்டு. அண்ணனுடைய கையெழுத்து.

மிச்சக் கட்டுகளையும் பிரித்தார்கள். மொத்தம் ஐந்து கட்டு அப்படி. மேனேஜர் வந்தார். இது என்னம்மா வேலை, போலீஸைக் கூப்பிடவா என்று குரலை உயர்த்தினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார்.

"அது எங்க வீட்டுப் பேப்பர்தாங்க. நான்தான் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன். மெஷினை உள்ள வெச்சிடுங்க."

ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, நோட்டுகளோடு சேர்க்காமல் தனியாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வேனில் ஏறியதும், வீட்டுக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சலவைப் பிரிவில் நாலு பேர்தான் இருப்பார்கள். உலர்த்தும் மெஷின்கள் போடும் சத்தத்தில் காலடி கேட்காது. அண்ணன் திரும்பியபோது அண்ணி அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சீட்டுகளை மெஷின் மேல் வைத்தார். அண்ணன் முகம் துவைத்த துணி மாதிரி வெளுத்தது.

"எத்தனை மாசமா?"

"ஏழு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். விலை, தவணை, வட்டி, தொழிலாளர் நிதி என்று சொன்னது, எல்லாம். திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், ஒவ்வொரு மாசமும் அப்படித்தான் நினைத்தேன் என்றார். அண்ணி முழுக்கக் கேட்டார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல."

அவ்வளவுதான். திரும்பிப் படியேறினார். நான் பின்னாலேயே போய் அவரை வீட்டில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்தேன். மெஷின் பக்கத்தில் அண்ணன் இல்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. எங்கே என்று கேட்டேன். மேலே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக உலர்த்தும் மெஷின்காரர் சொன்னார். லிப்ட் வரும்வரை எனக்குப் பொறுமையில்லை. ஏழு மாடியையும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடிச் சுவர் ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவர்மேல் இருந்தது. அண்ணே என்றேன். திரும்பவில்லை. கிட்டே போய்ச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். வெயில் கொளுத்தியது.

"விடுடா," என்றார். "ஒண்ணும் பண்ண மாட்டேன். நான் போய்ச் சேந்தா மீதித் தவணையை அவகிட்டதான் கேப்பாங்க."

அதைக் கேட்ட பிறகும் நான் சட்டையை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்று மூன்று மணி வரை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கீழே மெஷினை நான்தான் ஓட்டினேன். சாயந்திரம் அவரோடு கூடவே நடந்து வீட்டு வாசல் வரை போனேன். அண்ணி கதவைத் திறந்தார், தட்டு வைத்தார். மொட்டைமாடியில் நடந்ததை நான் மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தைரியமில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் அவரே தினமும் அண்ணனை வேலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வழியில் பேச்சு கிடையாது.

வாங்கிய கடை தொலைநோக்கியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பல் டாக்டர் ஒருவர் பார்க்க வந்தார். பாதி விலை பேசி, மூன்று தவணையாகத் தரட்டுமா என்றார். அண்ணன் தலையாட்டப் போனார். உள்ளேயிருந்து அண்ணி வெளியே வந்தார்.

"ரொக்கம்னா எடுத்துக்குங்க சார். இல்லன்னா விட்டுடுங்க."

டாக்டர் அதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்தார். அண்ணி சம்மதித்தார். அந்தப் பணமும் போதவில்லை. குக்கரில் மிச்சமிருந்த ஒன்பது கட்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்குக் கிளம்பினார். அது உன் பணம், வேண்டாம், நான் வேலை செய்து அடைக்கிறேன் என்று அண்ணன் வாசலை மறித்துக் கெஞ்சினார்.

"வட்டி ஓடிட்டே இருக்கறப்போ பூப்போட எனக்குக் கை வராது. நகருங்க."

மொத்தத்தையும் கட்டி, கணக்கை முடித்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு வருடச் சேமிப்பு ஒரு மேஜையில் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகுதான் தன் தங்கை வீட்டுக்குப் போனார். மூன்று மாதம் வரவில்லை. அந்த மூன்று மாதமும் நானும் என் மனைவியும் மாறி மாறி அண்ணன் வீட்டில் போய்த் தூங்கினோம். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி பையோடு திரும்பி வந்தார். ஏன் போனார், ஏன் வந்தார் என்று அண்ணன் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. சம்பளக் கவரைப் பிரிக்காமலே அண்ணன் வீட்டில் கொடுக்கிறார். அண்ணி கேட்டதில்லை, அவராகவே கொடுக்கிறார். மதிய மணி அடித்தால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். நாங்கள் யாரும் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாக நின்றுபோனது.

அண்ணி மறுபடியும் சேர்க்கிறார். இந்தத் தடவை பணம் அவர் வீட்டில் இல்லை, என் மனைவியிடம் இருக்கிறது. போன வாரம் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ காசு எங்க வெக்கறான்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"எங்கிட்ட சொல்லிடாத," என்றார்.

அடுத்த வண்டி வந்து நின்றது. அழுக்கு மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார்.