வெள்ளைத்தோலிக்கு ஒரு நட்சத்திரம்

புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில், காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கட ஆள் ஒரு அண்ணையைக் காண்பேன். முழங்கால்வரை கறுப்புக் கோட், மூக்கு நுனியில் கண்ணாடி. ரஷ்யாவில் பழைய மொழிகள் படித்தவராம். சில சொற்களைச் சொல்லுமுன் விரலால் காற்றில் ஒரு நட்சத்திரம் கீறுவார்.

ஒருநாள் பக்கத்தில் நின்ற வெள்ளைப்பட்டை மரத்தைக் காட்டினார்.

"தங்கச்சி, உதுக்கு ஆதி ஸ்லாவியர் வச்ச பேர்..." நட்சத்திரம் கீறினார். "பெர்ஸா. வெள்ளையாய் மினுங்கிறது எண்ட வேரிலயிருந்து வந்தது. பெண்பால்."

"எழுதி வச்சிருக்கினமோ, அண்ணை?"

"ஒருத்தரும் எழுதேல்லை. ரஷ்யச் சொல், போலந்துச் சொல் எல்லாத்தையும் ஒப்பிட்டு நாங்கள் ஊகிச்சது. அதுக்குத்தான் நட்சத்திரம். உங்கட ஊரில உதை என்னெண்டு சொல்லுவியள்?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தெரியாது என்றால் படிக்காதவள் என்பது வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம்.

"வெள்ளைத்தோலி," என்றேன்.

எங்கள் ஊரில் அந்த மரமே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. விரலை உயர்த்தி ஆறுதலாக நட்சத்திரம் கீறினார். "வெள்ளைத்தோலி. இதுவும் பெண்பால் மாதிரித்தான் கிடக்கு."

பஸ் வந்தது. அவருக்குப் பக்கத்தில் இடமிருந்தும் நான் பின்னால் போய் நின்றேன். கேலி செய்தாரா, காப்பாற்றினாரா? இன்றும் அந்த மரத்தடியில் நின்றால் முகம் சுடுகிறது. ஆனால் அதற்கு வேறு பெயர் என் வாயில் வருவதில்லை.