பெயரில்லா கூறியது

நான் இன்டர்நெட்டுக்கு ஸலாம் சொல்லி வளர்ந்த பிள்ளை. அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்காது.

அலவத்துகொடையில், மாத்தளை வீதியோரம், எங்கள் வீட்டின் முன்னறைதான் வாப்பாவின் கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், வெளிநாட்டுக் கோல். பிறகு இரண்டு கம்ப்யூட்டர்களும் வந்து சேர்ந்தன. ஒன்று வாடிக்கையாளருக்கு. மற்றது வாப்பாவுக்கு, அதாவது எனக்கு. பத்து வயதிலேயே எனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் வேலை கிடையாது என்று வாப்பா நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் எழுதத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் வலைப்பூ தொடங்கிய காலம் அது. வாப்பாவும் தொடங்கினார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், இரண்டு விரல்களால் தன் சிறுவயதுக் கதைகளைத் தட்டுவார். ஒரு பக்கம் முடிய மூன்று நாள். முடிந்ததும் 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தும் அதிகாரம் எனக்கு. அதை அழுத்துவதற்கு முன் நான் பிஸ்மி சொல்லுவேன். முதலிரண்டு கதைகளையும் யாரும் படிக்கவில்லை. அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தவர்களைப் பிடித்து வாப்பா படிக்க வைத்தார். அவர்கள் "நல்லம், நல்லம்" என்று சொல்லிவிட்டு, கொப்பியை மறந்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது கதை, என் அப்பாவின், அதாவது வாப்பாவுடைய வாப்பாவின், கறுப்புச் சைக்கிளைப் பற்றியது. அதை வெளியிட்ட மறுநாள் கீழே, எழுதியவர் பெயர் இல்லாமல் நான்கு வரிகள் இருந்தன.

"பெயரில்லா கூறியது: சைக்கிள் கறுப்பு அல்ல. பச்சை. கறுப்பு பூசியது பிறகு. அதற்கு பெல் கிடையாது. உங்கள் வாப்பா வாயால்தான் பெல் அடிப்பார்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாங்கள் எழுதியதற்குக் கீழே, நாங்கள் எழுதாத ஒன்று! டிவி எங்களுக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பத்திரிகைக்கு வாப்பா போட்ட கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. இது மட்டும் படித்துவிட்டுத் திரும்பப் பேசியது. பேசியதோடு நில்லாமல், நான் பிறப்பதற்கு முன்பே இரும்புக் கடைக்குப் போய்விட்ட ஒரு சைக்கிளுக்கு பெல் இருக்கவில்லை என்றும் சொன்னது.

"வாப்பா, பெல் இல்லையா?"

வாப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல மகள். அவர் 'ட்ரிங் ட்ரிங்' என்டு கத்திக்கொண்டுதான் வருவார்," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

இனிக் கொஞ்சம் குடும்ப விஷயம். வாப்பாவுக்கு ஒரே ஒரு நானா. என் பெரியப்பா. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் வீடு. மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. பெரியப்பாவின் மகள் கல்யாணத்தில், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹனுக்கு, வாப்பாவைக் குடும்பத்தாரோடு வைக்காமல், பஸ்ஸில் வந்த யாரோ ஐந்து பேரோடு உட்கார வைத்துவிட்டார்களாம். வாப்பா கை நனைக்காமல் எழுந்து வந்தார். சபையில் தன்னை அவமானப்படுத்திவிட்டான் என்று பெரியப்பா சொன்னார். அதன்பிறகு பள்ளிவாசலில் ஒருவர் முதல் வரிசையில் நின்றால் மற்றவர் செருப்பு வைக்கிற இடத்துக்குக் கிட்ட நிற்பார். வாப்பா எழுதிய எல்லாக் கதைகளிலும் பெரியப்பா இருந்தார், பெயர் மட்டும் இருக்காது. 'நானும் இன்னொருவரும்' என்றுதான் எழுதுவார்.

பெரியப்பாவின் மகன் கட்டாரிலிருந்து அவருக்கு ஒரு லெப்டொப் அனுப்பியிருந்ததும் எனக்குத் தெரியும். படிக்கிற உங்களுக்கு இப்போதே எல்லாம் விளங்கியிருக்கும். பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் நான் இரண்டாம் இடம் வேறு.

வாப்பா பிங்கா ஓயாவை நீந்திக் கடந்த கதையை எழுதினார். "பெயரில்லா கூறியது: நீந்தவில்லை. இன்னொருவரின் முதுகில் ஏறிப் போனீர்கள். அந்த முதுகு இன்னும் வலிக்கிறது. இன்னொருவருக்குப் பெயர் இல்லையா?" வாப்பா பதிலுக்கு, "முதுகு வலிக்கு எண்ணெய் தடவவும்," என்று எழுதினார். மறுபடி அங்கிருந்து ஒன்று. மறுபடி இங்கிருந்து ஒன்று. ஒரு கதைக்குக் கீழே நாற்பது ஐம்பது என்று வளர்ந்தது. உம்மா தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, "மனுசரோட சிரிக்கத் தெரியா, பெட்டியோட சிரிக்கிறார்," என்று போவார்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இது ஆளே இல்லை. இதுதான் இன்டர்நெட். ரவுட்டரில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறதே, அது சும்மாவா? பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது எல்லாவற்றையும், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் ஆதாரமும் இருந்தது. கரண்ட் போனால் அதுவும் பேசாது. வந்த கையோடு, "கரண்ட் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்," என்று எழுதும். எங்கள் கரண்ட் போனது அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் பெட்டிக்குள் இருந்தால்தானே! அன்றிலிருந்து கடைக்குள் வரும்போது கம்ப்யூட்டருக்கு ஸலாம் சொன்னேன். அந்தத் தவணை கணக்கில் மட்டும் முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்த தாளை அதன் முன்னால் விரிக்கவே இல்லை.

நோன்பு வந்தது. அந்த வருடம் முப்பதையும் பிடிப்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கட மகள் ஒன்டும் விடல்ல," என்பார். உண்மையில் பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்னால் நான் தினமும் பின்வளவுக்குப் போவேன். பெரியப்பாவின் ரம்புட்டான் மரத்தின் ஒரு கிளை மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் சரிந்திருந்தது. தின்றுவிட்டு, உம்மா பிடித்துவிடாமல் தோலையும் கொட்டையையும் மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிடுவேன். தடயத்தை மறைப்பதில் எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

ஒருநாள் வாப்பா பள்ளிக்குப் போயிருந்தபோது, உண்மையிலேயே அதற்கு எல்லாம் தெரியுமா என்று சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. கதைக்குக் கீழே எழுதினேன்: "உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றால், நான் நேற்றுப் பின்னேரம் என்ன செய்தேன் என்று சொல்லுங்க பார்ப்போம்." பெயர் போடவில்லை. அதற்குத்தான் எல்லாம் தெரியுமே.

கால் மணித்தியாலம் ஆகவில்லை.

"பெயரில்லா கூறியது: ஒரு நோன்பாளி மதிலோரம் நின்று பதினொரு ரம்புட்டான் தின்றார். தோலை அடுத்த வளவில் வீசினார். பழத்துக்காரரிடம் கேட்டு ஹலாலாக்கிக்கொண்டாரா என்பது வேறு விஷயம்."

பதினொன்று! நான்கூட எண்ணவில்லை.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய விஷயங்களைப் பார்த்திருக்கிறேன். கடலை முதன்முதலில் பார்த்தபோதுகூட நான் அப்படி உறைந்து நிற்கவில்லை. பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. இவ்வளவு பெரியது, இந்த உலகத்தையே பார்க்கிற ஒன்று, என்னுடைய ரம்புட்டானை எண்ணியிருக்கிறதே! அடுத்த நொடியே, வாப்பா வந்து இதைப் படிப்பாரே என்ற நினைவு வந்தது. பள்ளியிலிருந்து ஆட்கள் வருகிற சத்தம் வீதியில் கேட்டது. வலைப்பூவின் அமைப்புகளுக்குள் புகுந்தேன். 'கருத்துகள்: காண்பி, மறை' என்று இருந்தது. மறைத்தேன்.

ஒரு வரியைத்தான் மறைக்க நினைத்தேன். எல்லாம் போய்விட்டது. சைக்கிள், ஓயா, முதுகு, எண்ணெய், ஐந்து மாதச் சண்டை முழுவதும். எழுதுகிற பெட்டிகூட இல்லை.

வாப்பா வந்தார். பார்த்தார். மேலே போனார், கீழே போனார். "மகள், அந்த ஆள் எங்க?"

"நோன்பு காலம்தானே வாப்பா, லீவுல போயிருக்கும்."

அன்று நோன்பு திறக்கும்போது வாப்பா கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "என்ன, குடிக்கல்லயா?" என்று உம்மா கேட்டதற்கு, "நான் என்னமோ பிழையா எழுதிட்டேன் போல," என்றார். "கோவிச்சுக்கொண்டார்." ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. முப்பது நோன்புப் பெருமை அவ்வளவு லேசில் விடுகிறதா?

அடுத்த நாளிலிருந்து வாப்பா பொய் எழுதத் தொடங்கினார். மூன்று நாளில் ஒன்று எழுதியவர் நாளுக்கு ஒன்று எழுதினார். "எங்கள் வாப்பாவின் சைக்கிள் சிவப்பு." வெளியிட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒன்றுமில்லை. "பிங்கா ஓயாவை நான் தனியாக நீந்தினேன். இன்னொருவர் கரையில் நின்று அழுதார்." ஒன்றுமில்லை.

"வாப்பா, நோன்போட பொய் எழுதுறீங்களே?"

"எழுதுறேன் மகள். இதுக்காவது வாராரா பாப்பம்."

இன்டர்நெட்டை 'வாராரா' என்று மரியாதையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் அவர் எழுதியது ஒரே ஒரு வரி. "எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவன்." பிஸ்மி சொல்ல எனக்கு நா எழவில்லை. சும்மாவே அழுத்தினேன்.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா யாருக்கோ பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வளவிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. மரத்தில் இருந்த காகமெல்லாம் பறந்தன.

"டேய்! எவன்டா மூத்தவன்?"

வாப்பா திடுக்கிடவில்லை. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். பிறப்புச் சான்றிதழை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு, சாரத்தைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பின்பக்கம் ஓடினார். நானும் ஓடினேன். ஆனால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால். மதிலுக்கு மேலே பெரியப்பாவின் தொப்பியும் கண்ணாடியும் தெரிந்தன.

"சைக்கிள் செவப்பாடா?"

"பச்ச, நானா."

"கரையில நின்டு அழுதது ஆரு?"

"நான்தான்."

"அப்ப ஏன்டா அப்படி எழுதின?"

"சரியா எழுதினா நீங்க வரமாட்டீங்களே."

பெரியப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வழிய மூடினது நீதானே? மூடிப்போட்டு எதுக்குடா கூப்பிடுற?"

"நோன்போட சொல்றேன் நானா. நான் மூடல்ல."

மூடிய விஷயமும் இவருக்குத் தெரிந்திருக்கிறது! நடந்தது எனக்குப் பளிச்சென்று விளங்கியது, தப்பாகத்தான். நான் பெட்டியைப் பூட்டி வெளியே தள்ளியதும், இன்டர்நெட் மதிலைத் தாண்டிப் பெரியப்பாவின் லெப்டொப்பில் போய்க் குடியிருந்துகொண்டு, எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புவித்துவிட்டது. இனி ஒளிந்து என்ன பயன்? வெளியே வந்தேன்.

"நான்தான் மூடின," என்றேன். "விரல் பட்டுட்டு."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா மதிலுக்கு மேலாக நீண்ட நேரம் பார்த்தார். "பதினொன்டு," என்றார். அவ்வளவுதான். வாப்பா "என்ன பதினொன்டு?" என்று கேட்டதற்கு, "அது எனக்கும் மகளுக்கும் உள்ள கணக்கு," என்றார். அன்று மாலை அவர் சுற்றிக்கொண்டு வீதி வழியாக, கேட்டைத் திறந்து, எங்கள் வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வந்தார். உம்மா அவருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைக்கிற சாட்டில் அடுப்படிக்குப் போனார்.

அதன்பிறகு பெரியப்பா தினமும் வந்தார். என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வாப்பாவோடு சைக்கிளுக்காகவும் ஓயாவுக்காகவும் கத்துவார். வாப்பா எழுதுவது குறைந்துபோனது. எழுதினாலும் கீழே ஒன்றும் வரவில்லை. நான் கருத்துகளைத் திரும்பக் காட்டிவிட்டேன். பழையவை எல்லாம் வந்தன. புதிதாக ஒன்றுகூட வரவில்லை. நான்தான் அதன் மனதை முறித்துவிட்டேன் என்று எனக்குத் தாங்கவில்லை. ஒரு பின்னேரம் உட்கார்ந்து வாப்பாவின் புதுக் கதைக்குக் கீழே எழுதினேன்: "ஸலாம். நான்தான் மூடினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது திறந்திருக்கிறது. இனிமேல் நோன்பு விட மாட்டேன். தயவுசெய்து வாங்க."

எழுதிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருவரும் கடை இடிகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பெரியப்பா, கொஞ்சம் சத்தம் போடாம ஈக்கிறீங்களா? நான் ஒரு ஆளுக்காகப் பாத்துக்கொண்டு ஈக்கிறேன்."

அவர் குனிந்து நான் எழுதியதைப் படித்தார். நாலு வரியைப் படிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஏன் எடுத்தது என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அந்த ஆள் இனி வரமாட்டார் மகள்."

"ஏன்? கோவமா?"

"சே, கோவமில்ல. அவருக்கு இப்ப நேரமில்ல," என்று சொல்லிவிட்டு, வாப்பாவின் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினார்.

உலகத்தையே பார்க்கிற அவ்வளவு பெரிய ஆளுக்கு, என் ரம்புட்டானை எண்ண நேரம் இருந்த ஆளுக்கு, திடீரென்று அப்படி என்ன வேலை வந்திருக்கும்? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. 'கருத்துகள்: 1' என்று திரையில் இருந்தது. அந்த ஒன்றும் என்னுடையது. பொழுது சாய்ந்து மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை, அது இரண்டாகும் இரண்டாகும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.