மோட்டாருக்கு மரியாதை கற்றுக்கொடுத்தது

மிஸ்டு கால் கொடுத்தால் வயல் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டிகளைக் கும்பகோணத்தில் என் வீட்டு மாடியில் செய்து விற்கிறேன். அன்று காலை எனக்கு வந்தது மிஸ்டு கால் இல்லை. போன் விடாமல் அடித்தது. பேசியவர் பாபநாசம் பக்கம் விவசாயம் பார்க்கும் பாய். துபாயில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். முதல் நாள்தான் என் பெட்டியை அவருடைய போர்செட்டில் மாட்டியிருந்தேன்.

"தம்பி, உங்க மோட்டாரு நிக்க மாட்டேங்குது."

"மிஸ்டு கால் கொடுங்க பாய்."

"கொடுத்துக் கொடுத்து வெரலு தேஞ்சு போச்சு. மேல வயலு ரொம்பி, வரப்பு தாண்டி, நேத்து தெளிச்ச வயல்ல எறங்குது. முளைகட்டின விதை தம்பி. தண்ணி நின்னா அழுகிப் போயிடும்."

"அப்ப கையால நிறுத்துங்க."

"பொட்டியப் பூட்டி சாவிய நீங்கல்ல கொண்டு போனீங்க?"

ஆமாம். இனிமேல் யாரும் கைவைக்கவே வேண்டாம், எல்லாம் போன்தான் என்று பெருமையடித்துப் பூட்டியவன் நான்.

"கடப்பாறை இருக்கு. ஒடைச்சுடவா?"

"ஐயோ வேண்டாம் பாய், வாரண்டி போயிடும்!"

அந்த வாரண்டியைக் கொடுக்கிறவனே நான்தான் என்பது, வண்டி பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. சட்டையைப் புரட்டிப் போட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மீதித் தூரம் முழுக்க, அவர் துபாயிலிருந்து திரும்பிவிட்டதால் அங்கே ஓர் இடம் காலியாக இருக்குமே, நாம் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

பாய் மண்வெட்டியோடு வயலின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி, தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். போவதைவிட வருவது அதிகம். நான் ஓடினேன். ஓடி என்ன செய்தேன்? போர்செட்டை ஒட்டிய வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, பெட்டியிலிருந்து தொங்கும் வயரைச் சொருகி, நான் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"என்ன தம்பி, ஜாதகம் பாக்குறீங்களா? சாவி எங்க?"

பாக்கெட்டில்தான் இருந்தது. முதலில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகினேன். அப்புறம் சரியான சாவியைப் போட்டுத் திறந்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் நின்றது.

தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைப் படித்தேன். பெட்டிக்குள் ஓடுவது, சொன்ன நேரத்துக்குள் வேலையை முடித்தே தீர வேண்டிய ஓர் இயங்குதளம். அதில் டாஸ்க் என்கிற ஒரு நிரல் துண்டு, "மோட்டார் ஓடுகிறது" என்று அவ்வப்போது பாய்க்கு எஸ்எம்எஸ் அனுப்பும். அனுப்பி முடிக்கும்வரை வேறு யாரும் குறுக்கே புகாதபடி நிரலுக்குள்ளேயே ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். மிஸ்டு கால் வந்தால் அந்த டாஸ்க்குக்கு ஓர் அவசர அழைப்பு வரும், அதற்குப் பெயர் சிக்னல். சிக்னல் நேரம் காலம் பார்க்காது. டாஸ்க் செய்கிற வேலையை அப்படியே நிறுத்தி, வேறு வேலைக்கு இழுத்துப் போகும். அங்கே நான் என்ன எழுதி வைத்திருந்தேன்? மோட்டாரை நிறுத்துவதற்கு முன்னால், "மோட்டார் நிறுத்தப்படுகிறதுங்க ஐயா" என்று மரியாதையாக ஒரு எஸ்எம்எஸ்! அதற்கும் அதே பூட்டு வேண்டும். பூட்டைப் போட்டவனோ பாதி வேலையில் இழுத்துவரப்பட்டவன். ஆக, தன்னிடம் இருக்கும் பூட்டைத் தானே திறந்துவிடட்டும் என்று தனக்காகத் தானே காத்து நின்றது டாஸ்க். எத்தனை கால் கொடுத்தாலும் அது காத்துக்கொண்டே இருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாயிடம் இதைச் சொன்னேன்.

"தண்ணி மூக்குல ஏறுது, இவரு சலாம் வச்சுட்டுத்தான் நிறுத்துவாராம்!" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். சிக்னல் வந்தால் ஒரு குறி மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். டாஸ்க் கையிலிருக்கும் வேலையை முடித்துக் குறியைப் பார்க்கும். முதலில் மோட்டாரை நிறுத்தும், மரியாதை அப்புறம். பாய் நாலைந்து முறை சோதித்தார். நின்றது. தாழ்ந்த மூலையில் மட்டும் விதையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. சாக்கில் மிச்சமிருந்த முளைவிதையை அங்கே தெளித்தார். நான் சாவியை அவர் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினேன்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினேன்.

"பயிரு பச்சையா கெளம்பிடுச்சு தம்பி. அந்த மூலை மட்டும் பிந்தி வருது. அறுப்பு மெஷினை ஒரு மூலைக்காக ரெண்டாவது வாட்டி கூப்பிட முடியாது பாருங்க. நீங்களே ஒரு அருவாளோட வந்துடுங்க."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.