தாளடி மேல் ஏறிய சம்பா

திருவாரூர்ப் பக்கத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் நிலப்பதிவு சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை ஏற்றப் போன காலையில், கியூவில் நின்றவர்களிடம் என்னோடு வந்த பஷீர் ஒரு கேள்வி கேட்டான்.

"ஏங்க, சம்பா முன்னாடியா, தாளடி முன்னாடியா?"

கேட்டிருக்கக் கூடாது.

எல்லாம் எங்கள் மேனேஜரால் வந்தது. வெர்ஷனுக்கு நம்பர் வைத்தால் உயிர் இல்லையாம். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவங்களின் பெயரைச் சூட்டியிருந்தார். எங்கள் கையில் சம்பா ஒரு சிடி, தாளடி ஒரு சிடி. எது புதியது? பஷீர் நாகூர்க் கடைத்தெருக்காரன், நான் தஞ்சாவூர் டவுன். இருவருக்கும் நெல் தட்டில்தான் அறிமுகம். மேனேஜர் ஃபோனை எடுக்கவில்லை.

கியூ வாய்க்கால் உடைந்த மாதிரி பாய்ந்தது.

"ரெண்டையும் ஒண்ணாத்தான்யா அறுப்போம்!"

"குறுவை அறுத்த வயல்ல நடுறதுதான் தாளடி. அது எப்படி முன்னாடி வரும்?"

"மேட்டூர்ல தண்ணி விடலேன்னா குறுவை ஏது, தாளடி ஏது? கடைசியா கைகுடுக்கிறது சம்பாதான். எங்க கடைமடைக்கு வந்து பாரு!"

வாய்க்கால் முடிகிற கடைசி வயல்காரர், அந்தக் கடைமடைக்காரரின் குரல்தான் பெரிது. ஆகவே தாளடியை ஏற்றி, அதன் மேல் சம்பாவை ஏற்றினோம்.

முதல் பிரிண்ட் காளியம்மாளுக்கு. மாமியார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிற நிலம். அவளை வெளியேற்றச் சொல்லி நிலக்காரர் மனு போட்டிருந்தார், மதியம் விசாரணை. சாகுபடி செய்கிறவள் தான்தான் என்று அடங்கல் பதிவேட்டில் காட்டினால்தான் நிலம் நிற்கும். பிரிண்டில் நிலக்காரர் பெயர் மட்டும் இருந்தது.

நிலக்காரரின் காரியஸ்தர் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

"கம்ப்யூட்டரா வந்து களையெடுத்துச்சு?" என்றாள் காளியம்மாள்.

நல்லவேளை, மேனேஜர் லைனில் வந்தார். "குத்தகைக்காரர் பேரு வர்றதையே தாளடியோட கான்ஃபிக் செட்டிங்லதானேய்யா திறந்துவிட்டோம்! சம்பாவை யாரு மேல போட்டது?"

"கியூல கேட்டுத்தான் சார் போட்டோம்."

மறுபடி தாளடி. பிரிண்டர் கிறீச்சிட்டது. மதகு திறந்ததும் வாய்க்காலில் தத்தித் தத்தி வரும் முதல் தண்ணீர் மாதிரி, காளியம்மாளின் பெயர் எழுத்து எழுத்தாக வந்தது. கியூவே விசிலடித்தது. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு விசாரணைக்கு ஓடினாள். நிலம் நின்றது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெர்ஷனுக்கு நம்பர் வையுங்கள். எந்த வெர்ஷனில் எந்த கான்ஃபிக் மாறியது என்று கூடவே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் ஊரையே அறியாதவன் கையிலும் அது சரியாக ஏற வேண்டும்.

அடுத்த முறை நாங்கள் போனபோது காளியம்மாள் கியூவில் இருந்தாள்.

"என்ன தம்பி, இந்தத் தடவை எங்களை ஒண்ணும் கேக்கலியா?"

"இது நாலாவது வெர்ஷன் அக்கா. மூணுக்கு அப்புறம் நாலு."

கடைமடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"போங்கய்யா. இதுல சண்டை போட என்ன இருக்கு?"