மூன்றாம் முறை கோத்த பாசிமணி

மகள் எவர்சில்வர் தட்டில் பாசிமணிகளைக் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

அப்போது வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். நகை அணிவது பாவம் என்பது எங்கள் கிறிஸ்தவ சபையின் சட்டம். அப்பா அதில் கறாரானவர். கொழுந்து பறிக்கும் அம்மாவின் கழுத்தும் கையும் எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும்.

திருவிழாக் கடையில் வாங்கிய நீல மணிகளை நைலான் நரம்பில் கோத்து நான் கையில் கட்டிக்கொண்டேன். அப்பா கத்தரியால் வெட்டினார். கட்டிலுக்கடியில் தவழ்ந்து மணிகளைப் பொறுக்கி, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி கோத்தேன். மறுபடி வெட்டினார்.

மூன்றாம் முறை கோக்கும்போது கத்தரியோடு வந்து நின்றார்.

"எத்தன தடவ சொல்றது ஒனக்கு?"

"எத்தன தடவ வெட்டுனாலும் கோப்பேன்ப்பா."

அடி விழுமென்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அதற்குள் அடுப்படியிலிருந்து வந்த அம்மா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை படிந்த கையை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குக் கட்டுடி. அவரு வெட்டட்டும், பாப்போம்."

கட்டினேன். அப்பா கத்தரியை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் கையோடுதான் சபைக்கு வந்தாள். பாட்டுக்குத் தட்டும்போது எல்லோரையும்விடக் கையை உயர்த்தித் தட்டினாள்.