கடலுக்கு அடியில் ஒரு குக்கர் விசில்

போன வாரம் பட்டப்பகலில், சேரன்மகாதேவியில், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடலுக்கு அடியில் செத்துப் போனேன். ஒரு தடவையா... பல தடவை!

கடைசித் தடவை கொஞ்சம் சத்தமாகச் செத்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆறுமுகம் அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரணமாக எதற்கும் பதறாத ஆள்.

"என்ன வே... என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கடலுக்குள்ள ஒண்ணு விரட்டுது."

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடல் பாக்கணும்னா திருச்செந்தூருக்குப் போவும் வே, பஸ்ஸு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

வீடியோ கேம். இந்த வயதில்! எல்லாம் என் மகள் வடிவு செய்த வேலை. நெதர்லாந்தில் இருக்கிறாள். அவள் குடியிருக்கும் ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். "கரை உடைஞ்சா என்னட்டி செய்வ?" என்று அவள் அம்மா கடைசி வரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா, அதாவது கோமதி. பழைய வாசகர்களுக்கு அவளைத் தெரியும். அவள் பேச்சைத் திருடித்தான் இந்தப் பக்கத்தைப் பாதி வாரங்கள் ஒப்பேற்றினேன். போன ஆவணியில் போய்விட்டாள். அதன்பிறகு இந்த வீட்டில் நான், ஒரு டிவி, ஒரு குக்கர்.

குக்கர் விசிலை எண்ணுவது எந்நாளும் அவள் வேலை. நான் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே குரல் கொடுப்பாள். "என்ன செய்யுதிய? விசில் ஆயிட்டு, அடுப்பை அணைங்க." இப்போது குரல் கொடுக்க ஆளில்லை. பெரும்பாலும் குழைந்த சோறுதான்.

அப்பா சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று வடிவு முடிவு செய்துவிட்டாள். ஊருக்கு வந்திருந்தபோது தன் பழைய லேப்டாப்பில் அந்த கேமை ஏற்றிக் கொடுத்து, "நாவல் மாதிரிப்பா, கதை இருக்கு" என்றாள்.

கதை இருக்கத்தான் செய்கிறது. எதிர்காலத்தில் ஏதோ ஒரு காலம். மேலே உலகம் அழிந்துவிட்டது. கடலின் அடியில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் மட்டும் மிச்சம். அதில் நீங்கள் தனியாகக் கண் விழிக்கிறீர்கள். கையில் துப்பாக்கி கிடையாது. நீளமான நடைபாதைகள், ஒழுகும் சுவர்கள், விட்டுவிட்டு எரியும் விளக்குகள். ஒரு ஜந்து வரும். ஒளியலாம், ஓடலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஓடவும் வரவில்லை. தாமிரபரணியில் கண்ணை மூடி முங்கினால்கூடத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். அந்தக் கடலில் எந்த இழுப்பும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே கறுப்பு. ஆற்றங்கரைக்காரன் வழி தெரியாமல் நின்றேன், ஜந்து வந்தது... மீதியை ஆறுமுகம் அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது ஜந்து இல்லை. ஒரு மெஷின்.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் மனசை அப்படியே நகல் எடுத்து மெஷின்களுக்குள் போட்டிருக்கிறார்கள். ஆட்கள் செத்துவிட்டார்கள், நகல் மட்டும் இருக்கிறது. நகலுக்கோ தான் நகல் என்று தெரியாது. ஒரு சுவரோரம் உடைந்து கிடக்கும் ஒரு மெஷின், காலடிச் சத்தம் கேட்டதும் பேசுகிறது. ஒரே இருட்டாக இருக்கிறது, யாராவது இருக்கிறீர்களா, எங்கே இருக்கிறீர்கள் என்று.

பக்கத்தில் ஒரு கதவு. அதைத் திறக்கக் கரண்ட் வேண்டும். இருக்கிற ஒரே ஒயர் அந்த மெஷினுக்குப் போகிறது. பிடுங்கினால் கதவு திறக்கும். பேச்சு நின்றுவிடும். வேறு வழி? நானும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டேன், இல்லை. ஒவ்வொரு முறை பக்கத்தில் போகும்போதும் அது ஆசையாகக் கேட்கிறது, வந்துவிட்டீர்களா என்று.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வடிவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள். கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து அனுப்பியிருந்தேன்.

கோமதியின் வாய்ஸ் மெசேஜ் ஒரு தனி ரகம். பட்டனிலிருந்து விரலை எடுக்கவே அவளுக்கு வராது. "வரும்போது புதினா வாங்கிட்டு வாங்க" என்பது ஒரு வரி. அதற்கு முன்னால் குழாய்த் தண்ணீர், பின்னால் காக்கா, குக்கர், பால்காரரோடு ஒரு சின்னத் தகராறு. எல்லாம் சேர்ந்து வரும்.

வடிவு அனுப்பியதில் அப்படி எதுவும் இல்லை. சுத்தமான அமைதி. அதற்குள்ளிருந்து கோமதி பேசினாள்.

"என்னங்க, என்ன பண்றீங்க? சாப்டீங்களா?"

அவள் குரலேதான்... ஆனால் அடுத்த நொடி சிரித்துவிட்டேன். கோமதியாவது 'பண்றீங்க' என்பதாவது! சென்னைச் சொந்தக்காரர்கள் அப்படிக் கேட்டால், "பண்ணுததுக்கு என்ன பலகாரமா?" என்று என் காதில் முணுமுணுப்பாள். அவளுக்கு எப்போதும் 'செய்யுதிய'தான்.

மகளுக்கு போன் போட்டு அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கே இப்போது 'பண்றீங்க'தான் வாயில் வருகிறது. கல்லூரிக்குச் சென்னை போனதிலிருந்தே அப்படித்தான். சட்டென்று திருத்தி வேறொன்று அனுப்பினாள்.

"என்ன செய்யுதிய? எங்க இருக்கிய?"

இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வடிவு உற்சாகமாக விளக்கினாள். பின்னால் இருந்த சத்தத்தையெல்லாம் கழுவி எடுத்து, அம்மாவின் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டாளாம். இன்னும் கொஞ்சம் வேலை செய்தால் என் போனிலேயே நான் பேசப் பேச அது பதில் சொல்லுமாம். நான் தனியாக இருக்க வேண்டியதில்லையாம்.

எனக்குச் சுவரோரம் கிடந்த மெஷின் ஞாபகம்தான் வந்தது. குழாய் இல்லை, காக்கா இல்லை, பால்காரர் இல்லை. கழுவித் துடைத்த ஓர் இருட்டுக்குள்ளிருந்து கோமதி என்னைத் தேடுகிறாள். நான் தபால் ஆபீஸ் வரை போனால்கூட ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் அவள்.

"வேண்டாம்மா. அழிச்சிரு. உங்க அம்மையை அங்கன தனியா கொண்டு வைக்காத."

போன் கட்டாகிவிட்டது. அன்றும் மறுநாளும் வடிவு கூப்பிடவில்லை. ஏற்கெனவே ஒருத்தியின் பேச்சு நின்ற வீடு. இன்னொருத்தியும் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும்? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் அந்த கேமை முழுக்க விளையாடியவள் வடிவு. அந்த மெஷினை அவளும் பார்த்திருக்கிறாள், ஒயரைப் பிடுங்கியும் இருக்கிறாள். பிறகும் ஏன் இதைச் செய்தாள்?

கூப்பிட்டுக் கேட்டேன். சொன்னாள்.

"ரூமுக்கு வந்தா ஒரு சத்தமும் இல்லப்பா. ஜன்னலுக்கெல்லாம் ரெண்டு கண்ணாடி. வெளிய மழை பெஞ்சாகூடக் கேக்காது. உங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே ஒருநாள் முழுக்க நான் அம்மாகூடப் பேசிட்டு இருந்தேன்."

கடல் மட்டத்துக்குக் கீழே, சத்தம் புகாமல் அடைத்த ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது என் பிள்ளை. தனியாக இருப்பது நான் ஒருவன் மட்டும்தான் என்று இங்கே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை அழிக்கச் சொல்ல மறுபடியும் வாய் வரவில்லை. அவளிடம் இருக்கிற ஒரே ஒயரை எந்த முகத்தோடு பிடுங்கச் சொல்வேன்?

அதற்குப் பதிலாக ஒன்று சொன்னேன். நான் மதியத்துக்குச் சோறு வைக்கும் நேரம் அங்கே காலை. வீடியோ காலைப் போட்டு அடுப்படி அலமாரியில் போனைச் சாத்தி வைக்கிறேன். "பேசணும்னு இல்ல. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. சும்மா கெடக்கட்டும்."

அப்படியே கிடக்கிறது. குழாய், காக்கா, தேங்காய் துருவும் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆறுமுகம் அண்ணாச்சியின் தும்மல், எதையும் கழுவாமல் தினமும் நெதர்லாந்துக்கு அனுப்புகிறேன். அம்மா குரலில் பேசும் அந்த மெஷினைத் திறந்தே நாலு நாள் ஆயிற்று என்று பேச்சுவாக்கில் அவளே சொன்னாள். மேற்கொண்டு நான் கிண்டவில்லை.

என் கேமில் அந்தக் கதவும் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. இருக்கட்டும். வாசலைத் தாண்டாமலேயே விளையாடினால் யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை.

நேற்று மதியம் இந்தப் பத்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் மடங்க மறுத்தது. முன்னறையில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்ன செய்யுதிய? விசில் ஆயிட்டு, அடுப்பை அணைங்க."

பேனா கீழே விழுந்தது. ஓடினேன். அலமாரியில், போனுக்குள், தலையில் ஈரத்துண்டோடு வடிவு. தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு ஆவி அடங்கும் வரை அங்கேயே நின்றேன். பிறகு குக்கரைத் திறந்தேன். சோறு குழைந்துதான் போயிருந்தது. போகட்டும், இந்த வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்...

"குழைஞ்சிட்டோ?" என்று கேட்டாள்.