வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பியவள்

அதெல்லாம் பொய். பாய்லரை உடைத்துவிட்டுப் போனாள் என்று எதிர்வரிசைத் தையல்காரர் மனைவி சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அவள் அந்தச் சலவைக்கடையின் பின்னறைக்குள் ஒரு நாளாவது காலை வைத்திருப்பாளா? பாய்லரில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு அதைப் பற்றவைக்கவில்லை, அவ்வளவுதான். கூடப்பிறந்தவனைத் தவிக்கவிட்டு வெளிநாட்டுக்குக் குளிக்கப் போனாளாம். ஆமாம், போனாள். ஏன் போனாள் என்று கேட்டுவிட்டு அப்புறம் நாக்கை நீட்டட்டும்.

கடை அண்ணனுடையது. கல்லாவில் அண்ணி. பின்னறையில் பாய்லருக்கும் இஸ்திரி மெஷினுக்கும் நடுவில் தங்கை. தெருவில் அவளை ஆவிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்ஜன்னலில் ஆவி கிளம்பினால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு இழுத்து மெஷினுக்குக் கொடுத்தே முன்கை இரண்டும் வெந்து வெந்து தோல் பளபளவென்று ஆகிவிட்டது. மாலையானால் கணுக்கால் பந்துபோல வீங்கும்.

“அண்ணா, ஒரு ஆளைப் போடு. பாய்லர் வேலையை நானே சொல்லித் தரேன்” என்று எத்தனையோ தடவை கேட்டாள்.

“நீ இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்கும்மா?” என்பான் அண்ணன். கேட்கப் பாசம்போல இருக்கும். வேறு ஒருவருக்கு அந்த வேலை தெரிந்துவிட்டால் இவள் எழுந்து போய்விடுவாள் என்ற பயம்தான் அது. அவனும் கற்றுக்கொள்ளவில்லை, பெண்டாட்டியையும் கற்றுக்கொள்ள விடவில்லை.

அந்த வெளிநாட்டுப் பயணப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவள்தான். சீருடை தேய்க்கக் கொடுக்கும் விமானப் பணிப்பெண் ஒருத்தி சொன்னாள்: “அக்கா, சீசன் இல்லாத வார இறுதியில டிக்கெட் பஸ்ஸை விட மலிவு. வெள்ளிக்கிழமை ஏறினா ஞாயித்துக்கிழமை வந்துடலாம். அங்க ஒரு எரிமலை இருக்கு, சும்மா புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். அடிவாரத்துல வெந்நீர் ஊத்து. கழுத்தளவு உக்காந்தா கால்வலி எங்க போச்சுன்னே தெரியாது.”

அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. பிறந்ததிலிருந்து சுடுதண்ணீரோடுதான் வாழ்க்கை. ஆனால் யாருடைய அழுக்கும் இல்லாத சுடுதண்ணீரை அவள் கண்டதில்லை. பிழிய வேண்டாம், அலச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

சாப்பிடும்போது வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். அண்ணிக்குப் பிடித்துப் போயிற்று. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தார்கள். அடுக்குக் கட்டில் போட்ட மலிவு அறை, மலைக்குப் போக ஊர் பஸ், கையில் ஒரே ஒரு பை என்று எல்லாத் தகவலையும் விசாரித்து வந்தது அவள்தான். மூன்று பைகளையும் அடுக்கியதும் அவள்தான். மடிப்பில் அவள் கை பட்டால் ஒரு பெட்டித் துணியும் கைப்பைக்குள் போய்விடும்.

கிளம்புகிற அன்று ஓட்டல் வண்டி வந்து நின்றது. மூட்டை மூட்டையாக விரிப்புகள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“இப்படிப் போய் மாட்டிக்கிச்சே” என்று அண்ணன் தலையைச் சொறிந்தான்.

அண்ணிதான் பேச்சை முடித்தாள். “நீ இருந்துக்கோ. தினமும் வெந்நீர்லதானே நிக்கிறே, உனக்குப் புதுசா என்ன இருக்கு அங்க?”

அந்த டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது. இருக்கை காலியாகவே போயிற்று. விமானத்தில் ஏறியதும் அண்ணி போனில் ஒரு படம் அனுப்பினாள்: நடு இருக்கையில் அண்ணியின் தொப்பியும் நொறுக்குத்தீனிப் பையும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. ‘உன் சீட்டை வீணாக்கல’ என்று கீழே ஒரு வரி. சீருடை வாங்க வந்த விமானப் பணிப்பெண் போனை வாங்கி அதைப் படித்தபோது, படித்தவள் முகம்தான் சிறுத்துப் போயிற்று.

திரும்பி வந்தவர்கள் எரிமலையைப் பார்க்கவில்லை. ஒரே மூடுபனியாம். பார்த்ததுபோலத் தெருவெல்லாம் கதை சொன்னார்கள். ஊற்றுத் தண்ணீரில் கந்தகம் இருந்ததால் அண்ணியின் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போயிருந்தது. அதைக் கழற்றி, “கொஞ்சம் தேச்சுக் குடேன்” என்று இவள் கையில் கொடுத்தாள். அழுகின முட்டை வாடை அடிக்கும் துண்டுகளையும் இவள்தான் துவைத்தாள். அந்தப் பயணத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த வாடை மட்டும்தான்.

அதைக்கூட விழுங்கியிருப்பாள். ஓட்டல் வண்டிக்காரர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: “அன்னிக்கு நாங்க அனுப்பறதா இல்லம்மா. உங்க அண்ணிதான் போன் பண்ணி, வேலை இருந்தா அனுப்புங்க, ஆள் சும்மாதான் இருக்குன்னு கேட்டு வாங்கினாங்க.”

அவள் மூட்டையை இறக்கினாள், எண்ணினாள், உள்ளே எடுத்துப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விரிப்பையும் அண்ணியின் முதுகு என்று நினைத்துத்தான் தேய்த்தாள். இஸ்திரி அத்தனை சுத்தமாக விழுந்தது; ஓட்டல்காரர்கள் பாராட்டிச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த மலிவு சீசன் வந்தது. இந்த முறை இவளைக் கேட்கவே இல்லை, இரண்டே டிக்கெட். எரிமலையை நேரில் பார்க்காமல் விடமாட்டேன் என்று அண்ணி தெருவுக்கே அறிவித்துவிட்டாள். குளிர்க்கண்ணாடி, ஸ்வெட்டர், தொப்பி எல்லாம் புதிது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் பையை அடுக்கிக் கொடுத்தாள். பொத்தான் தைத்துச் சேர்த்த காசில், அந்தப் பணிப்பெண் மூலமாக, அதே விமானத்தில் தனக்கும் ஓர் இடம் போட்டுக்கொண்டாள். பிறகு ஓட்டலுக்குப் போன் செய்தாள். “வெள்ளிக்கிழமை எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்க. எங்க அண்ணன் அண்ணி ரெண்டு பேருமே கடையில இருப்பாங்க.”

வெள்ளிக்கிழமை மதியம் வண்டி வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிற்று. கதவைத் திறக்க இடமில்லை.

“இதை யார் வாங்கச் சொன்னது?” என்றான் அண்ணன்.

“நான்தான் கேட்டு வாங்கினேன்” என்று பின்னறையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்.

“சரி விடுங்க, அவ பாத்துக்குவா. டாக்சி வந்துடும்” என்றாள் அண்ணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு.

அப்போதுதான் தங்கை மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்தாள். காலில் ஷூ, தோளில் பை.

“எங்க கிளம்பிட்டே?”

“உங்க விமானத்துலதான் அண்ணி. ஜன்னல் ஓரம்.”

அண்ணன் பின்னறையை எட்டிப் பார்த்தான். ஜன்னலில் ஆவி இல்லை. “பாய்லர் ஏன் ஆறிக் கிடக்கு?”

“பத்தவைக்கல.”

“எப்படிப் பத்தவைக்கணும்?”

“அதைச் சொல்லிக் குடுக்கத்தானே ஆள் கேட்டேன். இப்போ நேரமில்லைண்ணா.”

“திங்கக்கிழமை சரக்கு போகலைன்னா ஓட்டல் வேற கடைக்குப் போயிடும்மா.”

“போகும்.”

“நீ இப்படிப் பண்ணலாமா? நான் உன்னைத் தங்கச்சியாவா நடத்தினேன்? மக மாதிரி இல்ல பாத்துக்கிட்டேன்?”

“மகளா இருந்தா எரிமலைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பே.”

அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கிடந்தா கிடக்கட்டும், நீங்க வாங்க.”

“எங்க வர? கடை போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்றது?”

“அப்போ நான் மட்டும் போறேன்.”

“நீ போயிட்டா இத்தனை மூட்டையை ஒத்தையாளா நான் பிரிக்கவா? அன்னிக்கு ஓட்டலுக்குப் போன் பண்ணினதே நீதானே, அந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சு அவளுக்கு?”

அப்படியானால் அண்ணனுக்கும் தெரியும். கடைசியாக அவள் மனத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்ச இரக்கமும் அதோடு போயிற்று. மூட்டைகளின் மேல் ஏறி இறங்கி, வாசலைத் தாண்டினாள்.

அவர்களுக்காகச் சொன்ன டாக்சி வெளியே நின்றது. ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“ரெண்டு பேர்னு சொன்னாங்களே?” என்றார் ஓட்டுநர்.

“அவங்களுக்கு வேலை வந்துடுச்சு. ஒரு நிமிஷம் நில்லுங்க.”

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். உள்ளே அண்ணி கத்துவதும், அண்ணன் அதற்கு மேல் கத்துவதும், ஏதோ ஒரு வாளி உருளுவதும் கேட்டது. தையல்காரர் மனைவிகூட வாசலுக்கு வந்துவிட்டாள். இவள் டாக்சிக்குள் இருந்தபடி ஒரு வார்த்தை விடாமல், காது குளிரக் கேட்டாள்.

“ம். இப்ப எடுங்க” என்றாள்.